பாகு காய்ச்சத் தெரிந்த இருவர்

மதரஸாவில் ஓதிய நாட்களில், ஸஹீஹ் முஸ்லிமுக்கு இமாம் நவவீ எழுதிய விரிவுரையைப் பிரித்தால் அடிக்கடி ஒரு பெயர் எதிர்ப்படும்: மாஸரீ. கருத்து வேறுபாடு எழும் இடங்களிலெல்லாம் அப்பெயரை உச்சரித்துக் கடந்து சென்ற நாம், அவர் எந்த ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறார் என்று ஒருநாளும் உஸ்தாதிடம் கேட்டதில்லை. ஹிஜ்ரி 536இல், அதாவது கி.பி. 1141இல் மறைந்த அந்த மாலிக்கி மத்ஹபு இமாமின் பெயரோடு ஒட்டியிருப்பது, சிசிலித் தீவின் மேற்குக் கரையிலுள்ள மஸாரா என்னும் துறைமுகம் என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே அறிந்தோம். சிசிலி இன்று இத்தாலியைச் சேர்ந்தது. அரபு நூல்கள் அதனை ஸிகிலிய்யா என்று எழுதும்.

அறிந்த நாள்முதல் நம்மை ஒரு பெருமிதம் பற்றிக்கொண்டது. பெருமிதம் வந்த இடத்தில் எச்சரிக்கை நிற்பதில்லை போலும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது விழா மேடையில், ஐரோப்பியர் இன்று சுவைக்கும் இனிப்புகளெல்லாம் ஸிகிலிய்யா அரபிகள் வழங்கிய கொடையே என்று முழங்கினோம். 'கஸாட்டா' என்னும் இனிப்பு அரபுச் சொல்லிலிருந்து வந்தது, 'கன்னோலி' என்னும் இனிப்பு ஓர் அமீரின் அந்தப்புரத்தில் பிறந்தது என்று இரண்டு சான்றுகளும் காட்டினோம். கூட்டம் மகிழ்ந்தது. கூட்டம் கலைந்தபின் ஓர் இளைஞர் அருகில் வந்து, "ஹஜ்ரத், அந்த இரண்டு செய்தியும் எந்தக் கிதாபில் இருக்கின்றன?" என்று பணிவோடு கேட்டார். ஏதோ ஓர் இதழின் துணுக்கில் படித்தது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பார்த்துச் சொல்கிறோம் என்று கூறி அனுப்பிவிட்டோம். அந்தக் கடன் நெஞ்சில் கிடந்தது.

நம் மகளும் மருமகனும் உரோமாபுரியில் வாழ்கின்றனர். அவர்களைக் காணச் சென்றிருந்தபோது, நம் புலம்பலைக் கேட்டுச் சலித்த மருமகன், "மாமா, ஒருமணி நேர விமானப் பயணம்தான். வெள்ளி மாலை போய் ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். வரலாறு முழுவதையும் பார்க்க முடியாது, இனிப்புக் கடைகளைப் பார்த்துவிடலாம்" என்றார். கோடை முடியும் தறுவாயில், இரண்டு இரவும் இரண்டு பகலும் கையில் வைத்துக்கொண்டு, சிசிலியின் தலைநகராகிய பலெர்மோவில் இறங்கினோம்.

நகரின் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கி.பி. 827இல் இஃப்ரீக்கிய்யாவிலிருந்து, இன்றைய துனீசியாவிலிருந்து என்க, புறப்பட்ட படை மஸாராவில் கரையிறங்கியது. அதன் தலைவர் வாளெடுத்துப் பழகிய வீரரல்லர். கைரவானின் காழியாகிய அசத் இப்னுல் ஃபுராத். இமாம் மாலிக்கிடம் நேரில் பாடம் கேட்டவர். 'அசதிய்யா' என்னும் ஃபிக்ஹு நூலைத் தொகுத்தவர். சைரக்கூஸ் நகரின் முற்றுகையில் 828இல் அவர் மறைந்தார். பலெர்மோ 831இல் வசமாயிற்று. தீவு முழுவதும் வசமாக மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1072இல் பலெர்மோவை நார்மன்கள் கைப்பற்றினர். 1091இல் நோட்டோ என்னும் கடைசிக் கோட்டையும் வீழ்ந்தது. ஆட்சிதான் போயிற்று, மக்கள் போகவில்லை. அவர்கள் போன கதை வேறு. நம் கட்டுரையின் சுமையே அதில்தான் இருக்கிறது.

வெள்ளி இரவு நகரின் பழைய பகுதியில் நடந்தோம். நேராக ஓடும் பெருந்தெருவைப் பழைய மக்கள் இன்றும் 'கஸ்ஸரோ' என்பர். அது 'அல்கஸ்ர்', கோட்டை. கடலோரப் பகுதிக்குப் பெயர் 'கல்ஸா'. அது 'அல்காலிஸா', அமீரின் அரசாங்க அலுவலகங்கள் இருந்த தனி நகர். இவ்விரண்டையும் இப்னு ஹவ்கல் தம் நூலில் பெயர் சொல்லி விவரித்துள்ளார். ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) இங்கு வந்த இந்தப் பயணி, நகரில் முந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதுகிறார். கசாப்புக்காரர்களின் பள்ளிவாசலில் தொழுகை வரிசைகளை எண்ணிப் பார்த்து, ஏழாயிரம் பேர் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார். இம்மட்டோடு அவர் நிறுத்தியிருந்தால் நம் மேடைகளுக்குப் பெரிதும் உதவியிருப்பார். அவரோ, நகர மக்கள் பச்சை வெங்காயத்தை அளவின்றித் தின்று அறிவு மழுங்கிப் போயினர் என்றும், ஏறத்தாழ முந்நூறு பள்ளி ஆசிரியர்கள் இருக்கின்றனர் என்றும், போருக்குச் செல்லும் கடமையிலிருந்து தப்புவதற்காகவே அத்தொழிலைப் பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள் என்றும் ஏசித் தீர்க்கிறார். முப்பதாண்டுகளாகச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிவரும் நாம் அப்பகுதியை முதன்முதல் படித்தபோது கிதாபை மூடிவைத்துவிட்டோம். பின்னர் யோசித்தால், ஒரு நகரத்தைப் பற்றி நல்லதையும் பொல்லாததையும் சேர்த்து எழுதியவரின் வார்த்தையைத்தான் நம்பலாம் எனத் தோன்றியது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே மறுநாள் இனிப்புக் கடைக்குப் போனோம்.

கண்ணாடிப் பேழைக்குள் கஸாட்டா வீற்றிருந்தது. வட்ட வடிவம், பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய ஓரம், மேலே பாகில் ஊறிய நாரத்தையும் செர்ரியும் பேரிக்காயும் நகை பதித்தாற்போல் அமர்ந்திருந்தன. உள்ளே 'ரிக்கோத்தா' என்னும் பால்திரட்டு. பாலாடைக்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிநீரை மறுபடி காய்ச்சித் திரட்டுவது அது. ஆட்டுப்பாலில் செய்வதே சிறப்பு. அதனைச் சர்க்கரையோடு குழைத்து, பஞ்சுபோன்ற ரொட்டியை அடுக்கி, வாதுமைப் பருப்பும் சர்க்கரையும் சேர்த்தரைத்த பசையைச் சுற்றிலும் போர்த்துகின்றனர்.

கடைக்காரர் தம் வாடிக்கைக் கதையைத் தொடங்கினார். அரபு இடையன் ஒருவன் ரிக்கோத்தாவில் சர்க்கரையைக் கலந்தானாம். இது என்னவென்று ஒருவர் கேட்க, அவன் கேள்வியைத் தவறாக விளங்கிக்கொண்டு தன் கையிலிருந்த கிண்ணத்தின் பெயரைச் சொன்னானாம். 'கஸ்ஆ' என்றால் அகன்ற கிண்ணம். ஆகவே கஸாட்டா! மேடையில் நாம் சொன்னதும் இதுதான். ஆனால் இலத்தீனில் பாலாடைக்கட்டிக்குக் 'காசெயுஸ்' என்று பெயர். அதிலிருந்து வந்தது என்று கூறும் சொல்லாய்வாளரும் உளர். அவர்கள் கூற்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. இடையன் நடந்ததாகச் சொல்லும் அந்த உரையாடலை எழுதிவைத்தவர் யார்?

சரி, பெயரை விட்டுப் பண்டத்தையே பிரித்துப் பார்ப்போம் என்று எண்ணினோம். ரிக்கோத்தா அரபிகளுக்கு முந்தியது. அத்தீவின் இடையர்கள் தொன்றுதொட்டு அறிந்தது. பஞ்சு ரொட்டிக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் 'ஸ்பானிய ரொட்டி'. அது மிகப் பிந்தியது. மேலே பழங்களைப் பதித்து அணிசெய்யும் இன்றைய கோலம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கைவண்ணம். ஆக, இன்று பேழைக்குள் இருக்கும் கஸாட்டாவை எந்த அமீரும் கண்ணால் கண்டிருக்க மாட்டார்.

கன்னோலியின் நிலை இன்னும் சங்கடமானது. மாவைத் தகடாக்கிக் குழல்போல் சுருட்டிப் பொரித்து, உள்ளே ரிக்கோத்தாவை நிரப்புவது அது. கல்தனிஸ்ஸெத்தா என்னும் ஊரின் பெயர் 'கல்அத்துன் நிஸா', பெண்களின் கோட்டை, என்பதிலிருந்து வந்தது என்றும், அங்கிருந்த அந்தப்புரத்துப் பெண்கள் கண்டுபிடித்த பண்டம் இது என்றும் வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. நாமும் அதைத்தான் மேடையில் அவிழ்த்துவிட்டோம். மகள் கடைக்காரரிடம் இத்தாலிய மொழியில் செய்முறையைக் கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொன்னார்: மாவு பிசைவதற்குப் பன்றிக் கொழுப்பு, சிறிது மார்ஸாலா மது, பொரிப்பதும் அக்கொழுப்பில்தான், அதுவே மரபு, இப்போது எண்ணெயில் பொரிப்போரும் உண்டு. நாம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டோம். நம் இல்லத்தரசியார், "அமீர் வீட்டுப் பலகாரம் என்று ஊரெல்லாம் சொன்னீர்களே" என்று மெல்லக் கேட்டார்.

அந்த மார்ஸாலா என்னும் பெயரையும் பாருங்கள். 'மர்ஸா' என்றால் அரபில் கப்பல் நங்கூரமிடும் துறை. மர்ஸா அலீ என்பதன் திரிபு என்பர். மர்ஸா அல்லாஹ் என்போரும் உளர். அத்துறைமுகத்தில் 1773இல் ஜான் வுட்ஹவுஸ் என்னும் ஆங்கில வணிகர் தொடங்கிய மது வாணிபத்தால், இன்று உலகில் அப்பெயரைக் கேட்டவர் நினைவுக்கு வருவது மதுப்புட்டியே. பெயர் அரபாக இருப்பதால் மட்டும் பண்டம் அரபாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நமக்குக் கிடைத்திருக்க முடியாது.

நண்பகலில் மர்த்தொரானா தேவாலயத்துக்குச் சென்றோம். நார்மன் அரசர் இரண்டாம் ரோஜரின் கடற்படைத் தலைவரும் தலைமை அமைச்சருமாகிய அந்தியோக்கியா ஜார்ஜ் 1143 அளவில் கட்டியது. முன்பு மஹ்திய்யாவில் ஸீரீ அமீர்களிடம் ஊழியம் பார்த்தவர் அவர். அரபு நன்கறிந்த கிறிஸ்தவர். குவிமாடத்தின் அடியில் ஓடும் மரப்பட்டையில் கிறிஸ்தவத் துதிப்பாடலே அரபு எழுத்தில் தீட்டப்பட்டுள்ளது. இந்தத் தேவாலயத்தைத்தான் இப்னு ஜுபைர் ஹிஜ்ரி 580ஆம் ஆண்டு ரமளானில், 1184 கிறிஸ்துமஸ் நாளில், வியந்து நின்று பார்த்தார். ஹஜ்ஜு முடித்து ஊர் திரும்பும் வழியில் மெஸ்ஸீனா அருகே கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவர் அவர். கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முக்காடிட்டு, மருதாணி தீட்டி, பொன்னிழைப் பட்டுடுத்தித் தேவாலயத்துக்கு வந்ததை எழுதியிருக்கிறார். பள்ளிவாசல்களில் பாங்கு ஒலித்ததையும், ஜும்ஆ குத்பாவுக்கு மட்டும் தடை இருந்ததையும், பெருநாளன்று மட்டுமே குத்பா அனுமதிக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார். அரபு படிக்கவும் எழுதவும் தெரிந்த அரசர் இரண்டாம் வில்லியம், தம் அடுக்களையின் மேற்பார்வையைக்கூட ஒரு முஸ்லிமிடமே ஒப்படைத்திருந்தார் என்பதும் அவர் தரும் செய்தி. இனிப்பைத் தேடிச் சென்ற நமக்கு இந்த ஒற்றை வரியே பெரும் புதையலாக இருந்தது. அந்த அடுக்களையில் என்ன சமைத்தார்கள் என்று இப்னு ஜுபைர் எழுதாமல் போனாரே என்ற ஏக்கம் இன்றும் உண்டு.

தேவாலயத்தை ஒட்டி, 1194இல் எலோயிஸா மர்த்தொரானா என்னும் மாதரசி நிறுவிய கன்னியர் மடம் இருந்தது. அவர் பெயரே பின்னர் தேவாலயத்துக்கும் நிலைத்துவிட்டது. வாதுமையும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து ஆரஞ்சு, அத்தி, மாதுளை வடிவில் செய்து வண்ணம் தீட்டும் 'மர்த்தொரானாப் பழங்கள்' இந்த மடத்தின் பெயரைத் தாங்கியவை. நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் நினைவு நாளில், மூதாதையர் கொண்டுவந்த பரிசு என்று சொல்லிக் குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுப்பர். பலெர்மோவின் இனிப்புக் கலையை நூற்றாண்டுக் கணக்கில் காத்து வளர்த்தவர்கள் இத்தகைய மடங்களின் கன்னியரே. முகம் காட்டாமல், சுவரில் பதித்த சுழல்பெட்டி வழியாகப் பண்டத்தை வெளியே தந்து காசை உள்ளே வாங்கிக்கொள்வார்களாம். எதிரிலுள்ள சாந்தா கதரீனா மடத்தில் இன்று கன்னியர் எவருமில்லை. ஆயினும் பழைய மடங்களின் செய்முறைகளைத் திரட்டி மடத்துக்குள்ளேயே ஒரு கடை நடத்துகின்றனர். அங்குள்ள சில இனிப்புகளின் பெயர்களைக் குடும்பங்கள் படிக்கும் இதழில் எழுத இயலாது. கன்னியர் எங்ஙனம் அப்பெயர்களை உச்சரித்தனரோ! வாதுமைப் பழங்களில் சேர்மானம் என்னவென்று கேட்டறிந்து, அத்திப்பழம் ஒன்றை வாங்கி நால்வரும் பங்கிட்டுக்கொண்டோம். வாயில் இட்டவுடன் திகட்டும் அளவுக்குச் சர்க்கரை.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? அத்திப்பழத்தின் கடைசித் துணுக்கு கரையும்போதுதான், நாம் இத்தனை காலமும் தவறான கேள்வியைக் கேட்டுவந்தோம் என்பது உறைத்தது. எந்தப் பலகாரத்தை அரபிகள் செய்தனர் என்று தேடினால் இடையன் கதையும் அந்தப்புரக் கதையும்தான் அகப்படும். மண்ணில் எதை நட்டனர், அதற்கு எப்படித் தண்ணீர் விட்டனர் என்று தேடினால் சொல்லும் சாசனமும் அகப்படும்.

சொற்களை முதலில் பார்ப்போம். சிசிலியத் தோட்டக்காரர் தண்ணீர்த் தொட்டியை 'ஜெப்பியா' என்பர், அரபில் 'ஜாபியா'. வாய்க்காலை 'ஸாயா' என்பர்; அரபில் 'ஸாகியா'. நீரிறைக்கும் உருளையை 'ஸேனியா' என்பர்; அரபில் 'ஸானியா'. நாரத்தை, எலுமிச்சை மரங்களின் பூவுக்கு 'ஸாகரா'. அது 'ஸஹ்ர்', மலர். பிஸ்தாவுக்குப் 'ஃபஸ்தூக்கா', நாம் கிதாபுகளில் படிக்கும் 'ஃபுஸ்துக்'. பலெர்மோவைச் சூழ்ந்த சமவெளியின் அடியில் பாரசீக முறைப்படி மலைநீரைக் கொணரும் சுரங்க வாய்க்கால்களுக்குக் 'கனாத்' என்ற அரபுப் பெயரே இன்றும் வழங்குகிறது. இவற்றில் ஒன்றுகூட அரசவைச் சொல்லன்று. எல்லாம் சேற்றில் நின்றவன் சொற்கள். மேடையில் நாம் ஒருபோதும் சொல்லாதவை.

இங்கும் ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். சிசிலியின் ஆரஞ்சுகள் யாவும் அரபிகள் நட்டவை என்பர் சிலர். அவர்கள் கொணர்ந்தது கசப்பு நாரத்தையும் எலுமிச்சையும். இன்று நாம் உரித்துத் தின்னும் இனிப்பு ஆரஞ்சு, ஐரோப்பாவில் பரவியது பல நூற்றாண்டுகள் கழித்துப் போர்த்துக்கீசியரால். அரபு மொழியே இதற்குச் சாட்சி. இனிப்பு ஆரஞ்சை அரபிகள் 'புர்துகால்' என்று அழைக்கின்றனர். அது போர்த்துக்கல் நாட்டின் பெயர். 'நாரன்ஜ்' என்னும் பழைய சொல்லோ வடமொழி நாரங்கத்திலிருந்து பாரசீகம் வழியாகச் சென்றது. அதன் வேர் நம் தென்னாட்டு மொழிகளில் இருப்பதாகக் கூறும் அறிஞர் பலர். நம் நாரத்தையின் உறவுதான்.

சர்க்கரையின் கதையும் அதுவே. வடமொழிச் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபில் 'ஸுக்கர்' ஆகி, சிசிலியில் 'ஸுக்காரு' ஆயிற்று. அந்தப் பெயரோடு கரும்பும் பயணம் செய்தது. ஆலையும் உடன் சென்றது. 1176இல் இரண்டாம் வில்லியம், பலெர்மோவை அடுத்த மொன்றியாலே மடத்துக்கு வழங்கிய உடைமைகளில் ஒரு கரும்பாலையும் உண்டு. சாசனம் இலத்தீனில் இருந்தாலும், முஸ்லிம்களின் மொழியில் அதற்கு 'மஸாரா' என்று பெயர் என அதிலேயே குறிப்பு இருக்கிறது. மேலே சொன்ன துறைமுகத்தின் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இது 'மஃஸரா', பிழியுமிடம். நம் செக்கையும் ஆலையையும் ஒரே சொல்லால் குறிக்கும் அரபுச் சொல். அரசர் கிறிஸ்தவர், உடைமையாளர் துறவிகள். ஆலையின் பெயர் மட்டும் அங்கே வேலை பார்த்தவனின் நாவிலிருந்து சாசனத்தில் ஏறியிருக்கிறது.

அந்த வேலையாள் என்ன ஆனான்? இரண்டாம் வில்லியம் 1189இல் மறைந்ததும் பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். பலர் மாண்டனர்; தப்பியோர் தீவின் மேற்கிலுள்ள மலைகளுக்கு ஓடினர். அங்கே முஹம்மது இப்னு அப்பாத் என்பவர் தலைமையில் எதிர்ப்பு எழுந்தது. பேரரசர் இரண்டாம் பிரடெரிக் அதனை அடக்கினார். இப்னு அப்பாத் 1222இல் கொல்லப்பட்டார். பிரடெரிக்கை நம் எழுத்தாளர் பலர் அரபு அறிந்தவர், அறிஞரைப் போற்றியவர் என்று புகழ்வர். அது பொய்யன்று. அதே பிரடெரிக்தான் 1220களில் தொடங்கி 1240கள் வரை, ஆயிரமாயிரம் முஸ்லிம்களைத் தீவிலிருந்து பெயர்த்தெடுத்து, இத்தாலிய நிலப்பரப்பின் தெற்கே லூசெரா என்னும் ஊரில் குடியேற்றியவர். உழவனும், வாய்க்கால் வெட்டுபவனும், ஆலைக்காரனும் தீவை விட்டுப் போயினர்.

1239ஆம் ஆண்டு. அதே பிரடெரிக், கீழ்த்திசையில் தம் அதிகாரியாக இருந்த ரிச்சர்டு ஃபிலாஞ்சியேரிக்கு ஓர் ஆணை எழுதினார். நன்றாகச் சர்க்கரை காய்ச்சத் தெரிந்த இருவரைத் தேடிப் பலெர்மோவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அக்கலையைப் பிறருக்குக் கற்பிக்க வேண்டும். அது பலெர்மோவில் எளிதில் அழிந்துவிடாமல் இருக்க வேண்டும். ஆணையின் கருத்து இதுவே. அதே ஆண்டில், மக்ரிபிலிருந்து வந்த யூதர்களுக்கு நிலம் கொடுத்து, மருதாணியும் அவுரியும் பயிரிடச் சொன்னார்.

இந்தச் செய்தியை நாம் முன்னரே படித்திருந்தோம். ஆனால் மர்த்தொரானாவின் படிக்கட்டில் அமர்ந்து, விரலில் ஒட்டிய வாதுமைச் சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு நினைத்தபோது அதன் கனம் வேறாக இருந்தது. ஆயிரக்கணக்கானோரை அனுப்பிவிட்டு, இருவரைத் தேடி மத்தியதரைக் கடலின் மறுகரைக்கு ஆள் அனுப்புகிறார் ஒரு பேரரசர். லூசெராவில் குடியேறியவர்களின் பேரர்களுக்கும் அமைதி கிட்டவில்லை. 1300 ஆகஸ்டில் அஞ்சு வம்சத்து மன்னர் இரண்டாம் சார்லஸ் அவ்வூரை அழித்து, மக்களை அடிமைகளாக விற்றார். சிசிலி முஸ்லிம்களின் வரலாறு அங்கே முடிகிறது. கரும்போ பின்னர் மீண்டும் தழைத்து, பதினைந்தாம் நூற்றாண்டில் சிசிலியின் பெருவாணிபமாயிற்று.

மாலையில் ஸீஸா மாளிகைக்குச் சென்றோம். 'அல்அஸீஸா', மேன்மை பொருந்தியது. 1165 அளவில் முதலாம் வில்லியம் தொடங்கி மகன் முடித்தது. சுவர் ஊற்றிலிருந்து வழிந்த நீர் கூடத்தின் நடுவே ஓடி வெளியேறும் வகையில் அமைத்து, அனல் காலத்திலும் குளிரச் செய்திருக்கின்றனர். மாளிகை இன்று அரும்பொருளகம். அங்கே ஒரு கல்லறைப் பலகை நம்மை நெடுநேரம் நிறுத்திவிட்டது. 1149இல் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் தம் தாய் அன்னாவுக்காகப் பொறித்தது. இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என நான்கு வகையாகச் செய்தி. ஒவ்வொன்றிலும் அவரவர் ஆண்டுக்கணக்கு. தாயின் பெயரை நகரத்தார் அனைவரும் படிக்க வேண்டும் என்று அந்த மகன் எண்ணியிருக்கிறார். நூறாண்டு கழித்து அந்த அரபு வரிகளைப் படிக்க அந்நகரில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

மஃரிபு தொழுகைக்குப் பழைய நகரத்திலேயே ஒரு பள்ளிவாசல் கிடைத்தது. தோட்டக்காரர்களின் தேவாலயமாக இருந்து கைவிடப்பட்ட கட்டிடம். அண்மைக் காலத்தில் முஸ்லிம்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அணிவகுத்து நின்றவர்களில் துனீசியரும் வங்காளியரும் மிகுதி. தொழுதுவிட்டு பல்லரோ சந்தைக்குள் நுழைந்தால், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் ஒரு கடையில்! "என்ன ஐயா வேணும்?" என்று யாழ்ப்பாணத் தமிழ் கேட்டது. போருக்குத் தப்பிவந்த ஈழத்தமிழர் பல்லாண்டுகளாக இங்கே வாழ்கின்றனர். நகரின் காவற்புனிதையாகிய ரோஸாலியாவின் மலைக்குகைக்குச் சைவரும் கத்தோலிக்கருமாக அவர்கள் ஏறிச் செல்வது ஊரறிந்த செய்தி. பல்லரோ என்ற பெயரே, தக்காண அரசர்களை அரபிகள் அழைத்த 'பல்ஹரா' என்பதிலிருந்து வந்தது என்று ஒரு கூற்றும் இருப்பதாக மருமகன் கூறினார். ஊருக்குப் போய் மேடையில் சொல்ல வேண்டாம் என்று மகள் எச்சரித்தாள்.

எச்சரிக்கைக்குத் தேவை இருந்தது. பொய்யான பெருமைக்குப் பலெர்மோவிலேயே ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1782இல் மொராக்கோ நாட்டுத் தூதர் முஹம்மது இப்னு உஸ்மான் அல்மிக்னாஸீ கடற்புயலால் இங்கு ஒதுங்கினார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக வாய்த்தவர் மால்டாவைச் சேர்ந்த ஜுசெப்பே வெல்லா என்னும் பாதிரியார். நகருக்கருகே சான் மார்த்தினோ மடத்திலிருந்த ஓர் அரபுக் கையெழுத்துப் படியைத் தூதருக்குக் காட்டினர். அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு. தூதர் கப்பலேறியதும் வெல்லா, அது ஸிகிலிய்யா அமீர்களின் ஆட்சிக் கடிதங்கள் அடங்கிய அரிய நூல் என்று அறிவித்தார். 'மொழிபெயர்ப்பு' என்று கற்பனையை எழுதி அச்சிட்டுப் புகழும் பேராசிரியர் பதவியும் பெற்றார். அரபு கற்றவர் ஊரில் எவருமில்லை என்ற துணிச்சல்! ரொஸாரியோ கிரெகோரியோ என்னும் பாதிரியார் அந்தப் பொய்யைப் பிளப்பதற்காகவே அரபு பயின்றார். 1796இல் வெல்லாவுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. பலெர்மோவில் பிறந்த மிக்கேலே அமாரி, அரபு மூலங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து, 1854 முதல் 1872 வரை சிசிலி முஸ்லிம்களின் உண்மை வரலாற்றை எழுதி வெளியிட்டார். முஸ்லிமல்லாத ஒருவர் நம்மவர் வரலாற்றுக்காகப் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கு நாம் பட்டிருந்தால் மீலாது மேடையில் அந்தக் கதைகளைச் சொல்லியிருக்க மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சமிருந்தது அரைநாளே. தலைமைத் தேவாலயத்தின் தென்புற முகப்பில், இடப்பக்கத் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் பொறித்திருப்பதைக் கண்டோம். அல்அஃராஃப் அத்தியாயத்தின் 54ஆவது வசனம். முந்தைய ஒரு கட்டிடத்திலிருந்து பெயர்த்துவந்து நிறுத்திய தூண். தெரிந்தே வைத்தனரோ, தூண் உறுதியாக இருந்தால் போதும் என்று வைத்தனரோ! பூசைக்குச் செல்வோர் அதன் மேல் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தனர். இல்லத்தரசியார் எழுத்துக்கூட்டி முழுதும் ஓதி முடித்தபின்னரே நகர்ந்தார்.

வெயில் ஏறியதும் 'ஜெலோ' என்னும் பண்டம் சாப்பிட்டோம். தர்ப்பூசணிச் சாற்றில் சர்க்கரையும் மாவும் சேர்த்துக் காய்ச்சி, மல்லிகை மணம் ஏற்றி, ஆறவைத்து உறையச் செய்வது. மேலே பிஸ்தாத் தூளும் ஒரு மல்லிகைப் பூவும். பலெர்மோவில் கோடைக்கே உரியது. கொழுப்பும் மதுவும் சேராததால் நால்வரும் ஐயமின்றி உண்டோம். இதையும் அரபிகளின் பண்டம் என்று கடையில் எழுதிவைத்திருந்தனர். ஆதாரம் கேட்க நமக்கு மனம் வரவில்லை, அவ்வளவு சுவை.

புறப்படுமுன் சந்தையோரம் ஒரு மூதாட்டி தள்ளுவண்டியில் விற்ற ஒன்று கண்ணில் பட்டது. தேனும் சர்க்கரையும் பாகாக்கி, வறுத்த எள்ளைக் கொட்டிக் கிளறிப் பலகையில் பரப்பி வெட்டிய துண்டுகள். பெயர் கேட்டோம். 'குப்பாய்த்தா' என்றார்; இன்னொரு பெயர் 'ஜுஜ்ஜுலேனா' என்றும் சொன்னார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'குப்பைத்' என்பது பாகில் செய்யும் மிட்டாய்க்குப் பழைய அரபுப் பெயர். 'ஜுல்ஜுலான்' என்றால் எள். பெயரும் அரபு, பொருளும் அரபு, செய்முறையில் ஐயத்துக்கு இடமில்லை. அந்தப்புரக் கதை எதுவும் இதற்கில்லை. கண்ணாடிப் பேழையில் இதனை எவரும் வைப்பதில்லை. திருவிழாக் காலங்களில் தெருவில் விற்கிறார்கள். ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு விமானம் ஏறினோம்.

ஊர் திரும்பியதும் அந்த இளைஞரைத் தேடி அழைத்தோம். மேடையில் சொன்ன இரண்டுக்கும் கிதாபில் ஆதாரமில்லை, நாம் விசாரிக்காமல் சொன்னோம் என்று கூறினோம். பிறகு மஃஸரா என்ற சொல் ஏறிய சாசனத்தையும், பாகு காய்ச்சத் தெரிந்த இருவரைக் கேட்டெழுதிய ஆணையையும் சொல்லி, பெட்டியைத் திறந்து ஒரு துண்டை அவர் கையில் வைத்து, ஜுல்ஜுலான் என்ற சொல்லையும் விளக்கினோம். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். துண்டை வாயிலிட்டு மென்றார். "ஹஜ்ரத், இது நம்ம எள்ளு மிட்டாய்தானே?" என்றார்.